இரவு விமானத்தில் பிசினஸ் கிளாஸ்: சாப்பாடு, தூக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிலான் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குக் கிளம்பும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களும், பேரப்பிள்ளையைப் பார்க்க முதல் தடவை அமெரிக்கா போகும் வேலூர், காட்பாடிப் பெரியவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்களில் முன்னதைக் காட்ட வசதியாக எண் போட்டிருக்கிறோம்.

1. பிசினஸ் கிளாஸ்னா படுத்துட்டே போலாம்தானே?

எல்லா விமானத்திலும் முடியாது. சீட்டில் மூன்று வகை உண்டு: கட்டில் போல முழுத் தட்டையாக விரிவது, தட்டையாக விரிந்தாலும் கால்பக்கம் சரிந்து நிற்பது, வெறுமனே நன்றாகச் சாய்வது. போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350, ஏ380 போல இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களில் இன்று பெரும்பாலும் முதல் வகை. ஒரே நடைவழி உள்ள ஏ320, 737 ரகங்களில் பெரும்பாலும் சாயும் நாற்காலிதான். சரிவான படுக்கையில் ராத்திரி முழுக்க உடம்பு கீழே வழுக்கிக்கொண்டே இருக்கும். பத்து தடவை மேலே ஏறிப் படுக்க வேண்டிவரும்.

டிக்கெட் எடுக்கும்போது ஏஜென்டிடம் இரண்டு விவரம் கேளுங்கள்: என்ன ரக விமானம், சீட் 180 டிகிரிக்கு விரியுமா? கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி பாருங்கள். விமானத்தை மாற்றிவிட்டால் சீட் எண்ணும் மாறியிருக்கும்.

2. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புது. அந்த நேரத்துல என்னத்தைச் சாப்பாடு குடுப்பாங்க?

ராத்திரிச் சாப்பாடுதான், முழுசாக. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் கிளம்புகின்றன. ஏறி உட்கார்ந்ததும் குடிக்க ஏதாவது தருவார்கள். மெனு அட்டை வரும். பல விமானங்களில் தரையில் நிற்கும்போதே ஆர்டர் எடுத்துவிடுவார்கள். பறக்கத் தொடங்கி அரை மணி, முக்கால் மணியில் முதல் தட்டு. அதன் பிறகு முக்கிய உணவு, இனிப்பு, காபி என்று ஒவ்வொன்றாக வரும். ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். நிதானமாகச் சாப்பிட்டால் இரண்டு மணி. நீண்ட பயணமென்றால் இறங்குவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கும்போது விளக்கைப் போட்டுக் காலை உணவு தொடங்கும்.

கத்தார் ஏர்வேஸ் போலச் சில நிறுவனங்களில் பிசினஸ் வகுப்புக்குக் கேட்ட நேரத்தில் கேட்டதைத் தருவார்கள். மற்றவற்றில் நேரம் அவர்கள் கையில்.

3. அப்போ உண்மையா எவ்ளோ நேரம் தூங்க முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் சீட் நேராக நிற்க வேண்டும். மேலேறி சீட் பெல்ட் விளக்கு அணைய 20 நிமிடம், இறங்குவதற்கு முன் 40 நிமிடம், ஆக ஒரு மணி நேரம் எல்லாப் பயணத்திலும் கழிந்துவிடும்.

சென்னை–துபாய் 4 மணி நேரம் சொச்சம். அந்த ஒரு மணியைக் கழித்தால் மூன்றேகால். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மிஞ்சுவது இரண்டு மணி நேரம்கூட இல்லை. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10 மணி நேரம். இரண்டு வேளையும் சாப்பிட்டால் தூக்கத்துக்குக் கிடைப்பது ஆறு மணிக்குள். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விட்டால் ஏழரை. இரண்டையும் விட்டால் ஒன்பது.

எங்கள் கருத்து இதில் உறுதியானது: ஐந்து மணி நேரத்துக்கு உட்பட்ட இரவுப் பயணத்தில் சாப்பிடவே வேண்டாம். பத்து மணி நேரப் பயணத்தில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலை உணவை வைத்துக்கொள்ளுங்கள்.

4. அவ்ளோ காசு குடுத்துட்டு சாப்பிடாம தூங்கறதா? வேஸ்ட் இல்லியா?

எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள பெரிய விலை வித்தியாசத்தில் சாப்பாட்டின் பங்கு சொற்பம். காசு போவது நீட்டிப் படுக்கும் அந்த இரண்டு மீட்டர் இடத்துக்கு. அதைச் சாய்க்காமல் மூன்று மணி வரை தட்டுக்காகக் காத்திருந்தால்தான் நஷ்டம்.

ரெண்டு மணி விமானத்துக்கு வேலூரிலிருந்து கிளம்புகிறவர்கள் இப்படித் திட்டமிடலாம். ஏழு மணிக்கு வீட்டிலேயே ராத்திரிச் சாப்பாடு. இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் மாதிரி வயிறு லேசாக இருக்கிறதைச் சாப்பிடுங்கள். ஏழரைக்கு வண்டி. சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் நெரிசல் இருக்குமென்பதால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்க்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். பதினொன்றுக்குள் செக்-இன், இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்தால் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு லவுஞ்சில், அதாவது விமான நிலையத்து ஓய்வுக் கூடத்தில், இருக்கலாம். பிசினஸ் டிக்கெட்டுக்கு லவுஞ்ச் அனுமதி பொதுவாகச் சேர்த்தே வரும். போர்டிங் பாஸ் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அங்கே சூப், பழம், தயிர் என்று கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டால் காலை வரை தாங்கும். பாதி ராத்திரியில் பசித்தாலும் பட்டினி இல்லை. சாண்ட்விச், பழம், பிஸ்கட், நூடுல்ஸ் போன்றவை விமானத்தின் சமையலறைப் பக்கம் இருக்கும்; கேட்டால் தருவார்கள்.

5. தூங்கிட்டா எழுப்பி விட்டுடறாங்க. எழுப்பாதீங்கன்னு எப்படிச் சொல்றது?

விமானம் கிளம்புவதற்கு முன்னால், மெனு அட்டை வரும்போதே சொல்லிவிட வேண்டும். "நோ டின்னர், ஐ வில் ஸ்லீப். வேக் மீ ஃபார் பிரேக்ஃபாஸ்ட் ஒன்லி" என்றால் போதும். பணியாளர் சீட் எண்ணுக்கு நேராக எழுதி வைத்துக்கொள்வார். காலை உணவும் வேண்டாமென்றால் "வேக் மீ ஒன்லி ஃபார் லேண்டிங்". சில விமானங்களில் காலை உணவுக்குத் தனி அட்டை தருவார்கள். அதில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டால் காலையில் பேச வேண்டிய வேலையே இல்லை.

பலர் மறப்பது சீட் பெல்ட். அதைப் போர்வைக்குள் போட்டுக்கொண்டு தூங்கினால், விமானம் குலுங்கி விளக்கு எரியும்போது போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க எழுப்பத்தான் செய்வார்கள். போர்வைக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி மாட்டுங்கள்.

6. வெஜிடேரியன்னுதான் போட்டோம். ஆம்லெட் வந்து நிக்குது!

சைவம் என்ற பெயரில் பல குறியீடுகள் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஏவிஎம்எல் என்பது ஆசிய, இந்து சைவம்: இந்தியச் சமையல், பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. விஎல்எம்எல் என்றால் பாலோடு முட்டையும் வரும். சமையலும் பெரும்பாலும் மேல்நாட்டு வகை. விஜிஎம்எல்லில் பால்கூட இல்லை, ஆகவே தயிரும் பனீரும் வராது. நம் வீட்டுச் சைவத்துக்குப் பொருந்துவது ஏவிஎம்எல். எச்என்எம்எல் என்பதை "இந்து மீல்" என்று பார்த்துச் சைவமென நினைத்துவிடாதீர்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம்.

பெரும்பாலான நிறுவனங்களுக்கு 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும். ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். சென்னை–துபாய்க்குப் பதிவாகி, துபாய்–மிலானுக்கு விட்டுப்போவது சகஜம். டிக்கெட் தேதியை மாற்றினாலும் இது விழுந்துவிடும். டிக்கெட்டில் பெயருக்கு நேராக அந்த நாலெழுத்து இருக்கிறதா என்று வழித்தடம் வழித்தடமாகப் பாருங்கள்.

7. ஹலாலா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட் நிறுவனங்களில் பரிமாறும் இறைச்சி எல்லாமே ஹலால். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய நிறுவனங்களில் எம்ஓஎம்எல் (முஸ்லிம் உணவு) என்று முன்பதிவு செய்யுங்கள். முந்தைய பதிலில் சொன்ன 24 மணி நேரமும், வழித்தடம் வாரியாகச் சரிபார்ப்பதும் இதற்கும் பொருந்தும்.

8. நாங்க சமணர். பொழுது சாய்ஞ்சா சாப்பிடறதில்ல. எங்களுக்கு என்ன வழி?

ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கமிருந்து இந்தக் கேள்வி வருகிறது. விஜேஎம்எல் என்ற ஜைன உணவில் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகை இருக்காது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தருவது ராத்திரிச் சாப்பாடுதான் என்பதால் உணவு சரியாக இருந்தாலும் வேளை சரியாக இருக்காது. வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, விமானத்தில் முதல் வேளையை அப்படியே விட்டுத் தூங்குங்கள்.

மேற்கே போகும் விமானத்தில் சூரியன் நம் ஊர் நேரத்தைவிடத் தாமதமாக உதிக்கும். குளிர்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போனால் காலை உணவு வரும்போதும் வெளியே இருட்டாகவே இருக்கலாம். பழத்தட்டை எடுத்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு, இறங்கிய பிறகு சாப்பிடும்படி உலர்பழமும் முந்திரியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஏங்க, அங்க எதைச் சாப்பிட்டாலும் சப்புன்னு இருக்கே?

சமையல்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நம் ஏலகிரி 3,600 அடி. ஊட்டி 7,350 அடி. அதாவது ஊட்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி, அதோடு காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கும் நாக்கும் காய்ந்துபோவதால் வாசனை பாதிக்குப் பாதி எட்டாது. உப்பும் இனிப்பும் மங்கும். இஞ்சின் இரைச்சலும் சேர்ந்து இனிப்பை இன்னும் குறைக்கும். புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறைவதில்லை. தக்காளி, காளான் போன்றவற்றில் உள்ள ஆழ்ந்த சுவை அப்படியே நிற்கும். அதனால்தான் தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கூட மேலே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

அழுத்தம் குறைவதால் வயிற்றிலுள்ள வாயுவும் மூன்றில் ஒரு பங்கு விரியும். கிளம்பும் அன்று மொச்சை, சுண்டல், முட்டைக்கோஸ், சோடா வேண்டாம். வயிறு உப்பினால் எவ்வளவு நல்ல படுக்கையிலும் தூக்கம் வராது.

10. மெனுவுல எதை எடுத்தா நல்லா இருக்கும்?

விமானத்தில் சமைப்பதில்லை. தரையில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, குளிர்ந்த நிலையிலேயே ஏற்றி, மேலே சூட்டடுப்பில் இருபது நிமிடம் போலச் சூடாக்குகிறார்கள். இதைத் தாங்குவது குழம்போடு வரும் உணவு: கோழிக் குழம்பு, பனீர், பருப்பு, சாதம், இட்லி, உப்புமா. தாங்காதது தோசை, வடை, பொரித்த மீன், ஸ்டேக்; தோசை துணி மாதிரி ஆகிவிடும், மீன் காய்ந்துவிடும். ஆம்லெட் ரப்பர் போல வருவதும் இதனால்தான்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் "புக் தி குக்" என்று 24 மணி நேரம் முன்னால் முக்கிய உணவைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. எந்த ஊரிலிருந்து கிளம்புகிறோம் என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும்.

11. ஆம்பூர் பிரியாணி பார்சல் எடுத்துட்டுப் போனா உள்ள விடுவாங்களா?

பாதுகாப்புச் சோதனையில் கெட்டியான உணவுக்குத் தடையில்லை. கத்தரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும்தான் சிக்கல்; தயிர், குழம்பு, சட்னி எல்லாம் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது. சீரகசம்பா பிரியாணியை வெளியே சாதாரணச் சூட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்துச் சாப்பிடுவது ஆபத்து. சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டிய பொட்டலத்தை வழியிலேயே பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். விமானத்தில் கொடுத்து "சூடு பண்ணுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள்; கெட்டுப்போன உணவுக்குப் பொறுப்பு அவர்கள் மேல் வரும் என்பதே காரணம்.

மிச்சத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை உண்டு. பாலைச் சுண்டவைத்த கோவாவில் செய்வதால் ஆற்காடு மக்கன் பேடாவுக்கும் கேள்வி வரலாம். அமெரிக்காவில் எந்த உணவானாலும் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம்.

12. படுக்கையை விரிக்கத் தெரியல. எந்த சீட் எடுத்தா நல்லது?

பெரும்பாலான சீட்டுகளில் படுத்திருக்கும் ஆள் படம் போட்ட பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையில் கை எடுத்தால் பாதியில் நின்றுவிடும். சிலவற்றில் முதுகுப் பகுதியையே முன்னால் கவிழ்த்தால்தான் படுக்கை வரும். அதற்குப் பணியாளரைக் கூப்பிடுங்கள், அது அவர்கள் வேலை. கழிப்பறைக்குப் போய் உடை மாற்றி வருவதற்குள் மெத்தை விரித்து வைத்துவிடுவார்கள். செல்போனைச் சீட்டின் இடுக்கில் வைக்காதீர்கள். அது உள்ளே விழுந்தால் சீட்டை அசைக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும்; நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும்.

படுக்கும்போது கால், முன்சீட்டுக்காரரின் பக்கப் பலகைக்குக் கீழே ஒரு பொந்துக்குள் போகும். பல சீட்டுகளில் அது குறுகல். உயரமானவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் புரண்டு படுக்க முடியாது. ஒவ்வொரு பகுதியின் முதல் வரிசையில் முன்னால் தடுப்புச் சுவர் இருப்பதால் அந்தப் பொந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பல விமானங்களில் அந்தச் சுவர்தான். சமையலறையும் பக்கத்தில் இருந்தால் தட்டுச் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். முதல் வரிசையா, சத்தமில்லாத நடுவரிசையா என்பதை உங்கள் காலா, காதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு நடுவிலுள்ள ஜோடி சீட் நல்லது. ஒருவர் மேல் ஒருவர் தாண்டாமல் இருவரும் எழுந்து போகலாம்.

13. குளிருமா?

ஏறியதும் புழுக்கமாக இருக்கும், ரெண்டு மணி நேரத்தில் குளிரும். பருத்தி உடை, காலுறை, ஒரு சால்வை. பெரியவர்களுக்குக் காதை மூடும் துணி.

14. அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடறார். சாப்பாடு எப்ப வரும்னே தெரியாம எப்படிப் போடறது?

தட்டு கண்ணெதிரே வந்த பிறகுதான் சாப்பாட்டு வேளைக்கான இன்சுலினைப் போட வேண்டும். "இப்ப வந்துடும்" என்று சொன்னதை நம்பிப் போட்டுக்கொண்டால், விமானம் குலுங்கி பரிமாறுவதை நிறுத்திவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. 4-ஆம் பதிலில் சொன்ன முறைப்படி வீட்டில் ஏழு மணிக்கு வழக்கமான ஊசியும் சாப்பாடும் முடிந்துவிட்டால், ராத்திரி மூன்று மணிக்கு இன்னொரு சாப்பாடும் வேண்டாம், இன்னொரு ஊசியும் வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த முறை பொருத்தம்.

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினையும் கலவை இன்சுலினையும் நேர வித்தியாசத்துக்கு ஏற்ப மாற்றுவது மருத்துவர் சொல்ல வேண்டியது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் இந்திய நேரத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மருந்து, ஊசி, மருத்துவர் கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கறையில் போடும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். டிபிஎம்எல் என்ற நீரிழிவு உணவில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் ரொட்டியும் சாதமும் இருக்கும். குளுக்கோஸும் பிஸ்கட்டும் மேலே பெட்டி வைக்கும் அலமாரியில் கிடக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

15. ஒரு பெக் போட்டா, இல்ல ஒரு தூக்க மாத்திரை போட்டா, நல்லா தூக்கம் வருமே?

மது சீக்கிரம் கண் அயரவைக்கும். மூன்று மணி நேரத்தில் வாய் காய்ந்து எழுப்பியும் விடும். காற்று ஏற்கெனவே வறண்டிருக்கிறது. தூக்க மாத்திரையை வாழ்க்கையில் முதல் தடவையாக விமானத்தில் போடாதீர்கள். சிலருக்குக் குழப்பம் வரும், நடக்கும்போது தள்ளாடும். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஊரிலேயே ஒரு ராத்திரி போட்டுப் பாருங்கள். நாலு மணி நேரப் பயணத்தில் எந்த மாத்திரையும் கூடாது, மயக்கத்தோடு இறங்க வேண்டிவரும். மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும்.

காபி, டீயை மாலை ஐந்து மணியோடு நிறுத்திப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திக் குடிக்கும் அந்த எட்டு மணி டிகிரி காபிதான் பலர் தூக்கத்தைக் கெடுக்கிறது.

16. படுத்துட்டுப் போனா கால் வீங்காதா?

உட்கார்ந்தே வருவதைவிடக் குறையும், ஆனால் அசையாமல் கிடந்தால் ரத்தம் உறையும் அபாயம் படுக்கையிலும் உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இது கவனிக்க வேண்டியது. விழித்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், ஒரு நடை போய் வாருங்கள், தண்ணீர் குடியுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது.

17. ரமலான்ல போறோம். சஹர் எப்போ, நோன்பு திறக்கிறது எப்போ?

விமானத்தில் ஊர்க் கடிகாரம் உதவாது. உயரத்தில் சூரியன் கீழே மறைந்த பிறகும் சில நிமிடம் தெரியும். மேற்கே பறந்தால் பகல் நீண்டுகொண்டே போகும். சென்னையிலிருந்து ரெண்டு மணிக்குக் கிளம்பினால் சஹர் உணவைப் பறந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கேட்டு வாங்கிவிடலாம். 5-ஆம் பதிலில் சொன்னதுபோல முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வளைகுடா நிறுவனங்களின் பணியாளர்களுக்கு இந்த நேரங்கள் பழக்கம், அறிவிப்பும் செய்வார்கள். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. அதை எடுத்துக்கொள்வதா என்பதைக் கிளம்புமுன் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பேசிக்கொள்ளுங்கள்.

18. துபாய்ல மாறி நியூயார்க். ரெண்டு ப்ளைட்டுல எதுல தூங்கணும்?

இரண்டிலும், ஆனால் வெவ்வேறு கணக்கில். முதல் விமானத்தில் 3-ஆம் பதில்படி சாப்பிடாமல் மூன்று மணி நேரம் தூங்குங்கள். துபாய் லவுஞ்சில் லேசாகச் சாப்பிடுங்கள். காலை எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பும் விமானம் என்று வைத்துக்கொண்டால், கோடைகாலத்தில் நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. ஆகவே 14 மணி நேரப் பயணத்தின் முதல் ஆறு ஏழு மணி நேரம் அந்த ஊர் ராத்திரி. ஜன்னல் திரையை இறக்கிவிட்டுத் தூங்க வேண்டியது அப்போதுதான். பிறகு எழுந்து சாப்பிட்டு, இறங்கும் வரை விழித்திருங்கள். மத்தியானம் இரண்டரை மணி போலத் தரையிறங்கலாம். திரும்பி வரும்போது கிழக்கே பறப்பதால் உடம்பு சரியாக இன்னும் சில நாள் கூடுதலாகும்.

19. காலைல எறங்கி நேரா மீட்டிங். தாக்குப் பிடிக்குமா?

ரெண்டு மணிக்குக் கிளம்பி ஃபிராங்க்ஃபர்ட் போனால், இந்திய நேரம் பன்னிரண்டுக்கு, அந்த ஊரில் குளிர்காலக் காலை ஏழரைக்கு இறங்குவீர்கள். ஏழரை மணி நேரம் தூங்கியிருந்தால் நன்றாகவே தாங்கும். மிலானுக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் சொச்சம். சட்டையும் பல் துலக்கும் பையும் கைப்பெட்டியில் இருக்கட்டும். இடை நிலையத்து லவுஞ்சில் குளியலறை உண்டா என்று முன்பே பார்த்து வையுங்கள். பெரிய நிலையங்களில் பெரும்பாலும் உண்டு. வரிசை இருக்குமென்பதால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் குளியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அப்புறம் காபிக்குப் போங்கள்.